வாசகர் கேள்வி – பதில்: பழைய கப்பல் தளங்களில் ரிவெட் அடித்தவர்கள்

டைட்டானிக் கப்பலில் சுமார் 30 லட்சம் ரிவெட்டுகள் என்கிறார்கள். ஒரு ரிவெட் அடிக்க எத்தனை பேர் வேண்டும்?
– தூத்துக்குடி வாசகர்

ரிவெட் என்பது உலோகத் தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணி. கப்பலின் நடுப்பகுதியில் பெரும்பாலும் ஹைட்ராலிக் இயந்திரமே எஃகு ரிவெட்டுகளை இறுக்கியது. இயந்திரம் நுழைய முடியாத முன்முனையிலும் பின்முனையிலும் இரும்பு ரிவெட்டும் கைச்சம்மட்டியும்தான்.

கைவேலைக்குப் பெரும்பாலும் ஐந்து பேர். டைட்டானிக் கட்டப்பட்ட பெல்ஃபாஸ்டிலும் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைத் தளங்களிலும் இப்படித்தான். சாரத்தின் மேல் சிறிய உலையும் துருத்தியுமாக ஒரு பையன் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி, குறடால் எடுத்து வீசுவான். இன்னொரு பையன் அதைத் தகரக் குவளையில் பிடித்துத் துளையில் செருகுவான். உள்பக்கம் நிற்பவர் அதன் தலைக்குக் கனத்த சம்மட்டியால் முட்டுக் கொடுப்பார். வெளியே இருவர், ஒருவர் வலக்கையர், மற்றவர் இடக்கையர், எதிரெதிரே நின்று மாறி மாறி அடித்து நுனியைப் பரத்துவார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இழுத்து இறுக்கும். அந்த இறுக்கம்தான் இணைப்பின் உயிர்.

ஆகவே உலைப் பையனின் கண்ணளவு தப்பக் கூடாது. அதிகம் காய்ந்தால் பொறி பறக்கும். கருகிய இரும்பு அடிக்கும்போது வெடித்துப் பிளந்துவிடும். காய்ச்சல் போதாவிட்டால் உலோகம் பரவாது, துளை நிரம்பாது. குழுவில் மிகக் குறைந்த கூலி இந்தச் சிறுவர்களுக்குத்தான். அதை எடுபிடி வேலை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். 1910 ஏப்ரலில் டைட்டானிக் கட்டுமானத்தில் முதலில் உயிரிழந்தவனும் ரிவெட் பிடிக்கும் பையன்தான். ஏணியிலிருந்து விழுந்தான், வயது 15.

சரியாக இறுகாத ரிவெட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– நாகப்பட்டினம் வாசகர்

தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலித்து விரலில் அதிரும். அதில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, தலையை வெட்டித் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்பதால் இழப்பு குழு முழுவதற்கும்.

தவறு எப்போதும் சம்மட்டியிடம் இல்லை. முன்கூட்டியே தகடுகளைப் போல்ட் போட்டு நெருக்காவிட்டால், சூடான உலோகம் இடைவெளிக்குள் பிதுங்கி வளையமாக நின்றுவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் தகடுகள் ஒட்டாது. இரு தகடுகளின் துளைகள் நேராக அமையாவிட்டாலும் ரிவெட் சாய்ந்து, ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும்.

ரிவெட் மட்டுமே தண்ணீரைத் தடுக்குமா?
– கடலூர் வாசகர்

தடுக்காது. பின்னால் கலப்பத்துக்காரர் வருவார். மரக்கப்பலில் பலகை இடுக்கில் சணல் திணித்துக் கீல் பூசுவது அவர் வேலை. இரும்புக் கப்பலிலோ தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் அடித்து, கீழ்த்தகட்டோடு அழுந்தச் செய்வார்.

இந்த வேலையில் காது போகும் என்பது உண்மையா?
– சென்னை வாசகர்

உண்மை. 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் இதேபோல் ரிவெட் அடித்துக் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவித்திறனைச் சோதித்தார்; ஒருவருக்கும் அது இயல்பாக இல்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் உள்ளே முட்டுக் கொடுத்தவர். வெளியே அடிக்கும் ஒவ்வோர் அடியும் மூடிய இரும்புக்கூட்டில் எதிரொலித்து அவர் தலைக்கு அருகிலேயே விழுந்தது.