குடில் கூரைக்கு எந்த ஷீட்?

கேள்வி: ஓசூர் பக்கம் 25 சென்டில் குடைமிளகாய்க்காகப் பசுமைக்குடில் போடப் போகிறேன். பாலிகார்பனேட் போட்டால் பத்து வருஷம் கவலையில்லை என்கிறார் குடில் அமைப்பவர். பக்கத்துத் தோட்டத்து அண்ணனோ பச்சை நிழல்வலையே போதும் என்கிறார். எதைப் போடட்டும்?

பதில்: இரண்டும் வேண்டாம். யுவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் 200 மைக்ரான் (0.2 மி.மீ. தடிமன்) பாலித்தீன் ஷீட் போடுங்கள்.

நிழல்வலை வெயிலைக் குறைக்கும், மழையைத் தடுக்காது. மிளகாய் இலை நாள்கணக்கில் ஈரமாக நின்றால் நோய் வந்து, அப்புறம் பூச்சிமருந்துக்கடைக்கு நடந்தே ஓய்ந்துபோவீர்கள். பாலிகார்பனேட் நல்ல பொருள்தான், ஆனால் விலை பல மடங்கு, மட்டமான ரகம் மாட்டிவிட்டால் சில வருஷத்தில் மஞ்சளடித்து வெளிச்சமும் குறைந்துவிடும். நெதர்லாந்தில் கண்ணாடியே போடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே குளிர்காலத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சம், நமக்கோ உள்ளே சேரும் சூட்டை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு.

வாங்கும்போது ரோலில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சதுர மீட்டர் வெட்டி எடை போட்டுப் பாருங்கள், 200 மைக்ரான் என்றால் சுமார் 185 கிராம் வரவேண்டும். 140 கிராம்தான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 150 மைக்ரான் ஷீட், விலையை மட்டும் 200-க்குக் கொடுத்திருக்கிறீர்கள். வெளிச்சத்தைச் சிதறவிடும் பால்நிற ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள், கீழ் இலைகளுக்கும் வெளிச்சம் போகும். நீர் சொட்டாத பூச்சு இருந்தால் அந்தப் பக்கம் உள்பக்கமாக வரவேண்டும் (இதைத் திருப்பிப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள், கூடவே நின்று பாருங்கள்).

நல்ல ஷீட் மூன்று வருஷம் போல உழைக்கும். அதற்கு முன்னே கிழிந்தால், பெரும்பாலும் இரும்புக் குழாய் தொடும் இடத்தில்தான். வெயிலில் குழாய் சுட்டுச் சுட்டு ஷீட் அங்கே நொறுங்கிவிடும். தொடும் இடங்களில் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். கந்தகம், குளோரின் கலந்த மருந்துகளும் யுவி தாங்கும் சக்தியைக் கெடுக்கும், அளவோடு அடியுங்கள்.

பக்கங்களுக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்ணி) பூச்சிவலை. நிழல்வலை வாங்க ஆசையா, சரி, உள்ளே இழுத்து மூடும்படி வெயிலைப் பாதியாகக் குறைக்கும் 50 சதவீத வலை கட்டுங்கள், கோடை மதியத்துக்கு மட்டும் போதும். ஷீட்டைக் காற்றில்லாத காலை நேரத்தில், தொய்வில்லாமல் இழுத்து அலுமினிய பட்டையில் ஸ்பிரிங் போட்டு மாட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் ஆடிக் காற்றில் படபடத்தே கிழிந்துபோகும்.