குப்பையில தொழில்: இந்த மாசம் வந்த கேள்விகள்

இந்த தடவை கேள்வி எல்லாம் தென்னாப்பிரிக்கா டர்பன் சுத்து வட்டாரத்துல இருந்துதான். எந்த மெஷின் வாங்கலாம்னுதான் பாதி பேர் கேட்டிருக்கீங்க. மெஷினை அப்புறம் பாக்கலாம், உங்க கிட்ட குப்பையை குடுக்கிறவங்க அதுக்கு காசு குடுப்பாங்களா, அதை முதல்ல பாருங்க.

சாட்ஸ்வொர்த்: காய்கறி கடைக்காரங்க கழிவை சும்மாவே தராங்க. கம்போஸ்ட் போட்டு வித்தா கட்டுமா?

கம்போஸ்ட் விலையை மட்டும் நம்பினா கட்டாது தம்பி. 1 டன் ஈரக்கழிவு போட்டீங்கன்னா முக்கால்வாசி தண்ணி, அது ஆவியா போயிடும், மக்கினதுல இன்னும் கொஞ்சம் போகும், கடைசில கையில நிக்கிறது பாதிகூட தேறாது, அதுக்குள்ள பக்கி வண்டிக்கு (பிக்கப்) டீசல், கிளற ஆள் கூலி, சாக்கு எல்லாம் செலவாயிருக்கும். அந்த கடைக்காரங்க இப்பவே குப்பை எடுக்கறவங்களுக்கு மாசாமாசம் பணம் கட்டிட்டுதான் இருப்பாங்க, அந்த பில்லை கேட்டு வாங்கி பாருங்க, அதைவிட கொஞ்சம் கம்மியா சொல்லி, நீங்களே மூடி போட்ட டிரம் குடுத்து, வாரத்துல இந்தந்த நாள் வருவேன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. அதுதான் உங்க நிலையான வருமானம், கம்போஸ்ட் வித்து வர்றது அதுக்கு மேல. பிளாஸ்டிக் கலந்து குடுத்தா எடுக்க மாட்டேன்னு அதிலயே எழுதிடுங்க. டர்பன் வார்விக்ல எர்லி மார்னிங் மார்க்கெட் கழிவை பிரிச்சு எடுத்து பொட்டானிக் கார்டன்ல கம்போஸ்ட் போட்டாங்க இல்ல, அங்க போய் பேசிப் பாருங்க, வியாபாரிங்க கையிலேயே பிரிக்க வைக்கறது எப்படின்னு தெரியும்.

ஃபீனிக்ஸ்: நாத்தம் வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க.

ஈரம் அதிகம், காத்து போகல, அவ்வளவுதான் அக்கா. ஒரு கை நிறைய அள்ளி இறுக்கி பிழிஞ்சு பாருங்க, விரல் இடுக்குல ரெண்டு சொட்டு வந்தா சரியான பதம், ஒழுகுச்சுன்னா காய்ஞ்ச இலை, மரத்தூள், வெட்டின கிளைத்துண்டு சேர்த்து கிளறணும். ஒரு வாளி காய்கறிக்கு ரெண்டு வாளி காய்ஞ்சது போடுங்க. நடுவுல சூடு 55 டிகிரிக்கு மேல ஏறி கொஞ்ச நாள் நிக்கணும், அப்பதான் களை விதையும் கிருமியும் சாகும். விக்கறதுக்கு முன்னாடி ஒரு தொட்டியில அந்த கம்போஸ்டை மண்ணோட கலந்து பீன்ஸ் விதை நட்டு பாருங்க, இலை சுருண்டு கோணலா வந்தா வைக்கோல்லயோ சாணியிலயோ களைக்கொல்லி இருந்திருக்கு, அந்த குவியலை யாருக்கும் விக்காதீங்க, ஒருத்தர் தக்காளி பாத்தி போச்சுன்னா உங்க பேரும் போச்சு.

வெருலம்: பிளாக் சோல்ஜர் ஃப்ளை புழு வளர்த்தா லாபமா?

இந்த ஈயோட புழு கழிவைத் தின்னு வளரும், கோழிக்கு தீவனமாகும். கழிவு சுத்தமா, தினமும் ஒரே அளவுல கிடைச்சா லாபம் உண்டு. 100 கிலோ கழிவு போட்டா 15ல இருந்து 25 கிலோ வரைக்கும் உயிர்ப்புழு எடுக்கலாம், ரெண்டு வாரத்துக்குள்ள தயாராயிடும். ஆனா இந்த ஈக்கு 25 டிகிரிக்கு மேல வேணும், இங்க குளிர் காலமான ஜூன் ஜூலைல முட்டை குறைஞ்சிடும், அதுக்கு மூடின இடமும் சூடும் வேணும், அந்த செலவை இப்பவே கணக்குல சேருங்க. முதல்ல உங்க கோழிக்கே போட்டு பழகுங்க. தீவனம்னு வெளிய விக்கணும்னா தென்னாப்பிரிக்காவோட 1947ஆம் வருஷத்து 36ஆம் நம்பர் சட்டப்படி (உரம், தீவனம் பத்தின சட்டம்) ரெஜிஸ்டர் பண்ணணும். உரத்துக்கும் அதே சட்டம்தான்.

டோங்காட்: காவடி முடிஞ்சா கோயில்ல மலையா குவியுதே, அதை எடுக்கலாமா?

தாராளமா எடுங்க, கமிட்டிகிட்ட முன்னாடியே பேசிடுங்க. வாழை இலையும் பூவும் நல்லா மக்கும், பூவுல கட்டின கம்பியும் பிளாஸ்டிக் நூலும்தான் தொல்லை, மாலை கட்டறவங்ககிட்ட பருத்தி நூல்ல கட்ட சொல்லுங்க. தேங்காய் ஓடு மக்க வருஷக்கணக்காகும், தனியா ஒதுக்கி கரி போடறவங்களுக்கு குடுத்துடுங்க. வருஷத்துல சில நாள்தான் இது வரும், இதை மட்டும் வச்சு கடன் வாங்காதீங்க.

மெரிபேங்க்: டேக்அவே கடையில பொரிச்ச எண்ணெய் வாங்கி பயோடீசல் பண்ணலாம்னு பாக்கறேன்.

வீட்டு கராஜ்ல வேண்டவே வேண்டாம், பயோடீசல் பண்ண எண்ணெயில சேர்க்கற மெத்தனால் சட்டுனு தீ பிடிக்கும், ஆவியும் விஷம். எண்ணெயை சேகரிச்சு லைசென்ஸ் வச்சிருக்கற பயோடீசல் கம்பெனிக்கு லிட்டர் கணக்குல குடுங்க, அதுவே நல்ல தொழில். பழைய எண்ணெயை வெளுக்க வச்சு திரும்ப சமையலுக்கு விக்கறவங்க இருக்காங்க, சாப்பிடறது ஏழை ஜனங்கதான், அதனால யாருக்கு குடுக்கறீங்கன்னு விசாரிச்சு ரசீதோட மட்டும் குடுங்க.