பாட்டி, அம்மா... அடுத்தது நானா?

கேள்வி: எனக்கு வயது 30. பாட்டி, அம்மா இருவருமே விவாகரத்து ஆனவர்கள். பாட்டி வெளியேறியபோது அவர் பெயரில் எதுவுமே இல்லை. அம்மா சம்பாதித்தார், ஆனால் அப்பாவின் கடனில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்ததால், பிரிந்த பிறகும் பல வருடம் தவணை கட்டினார். எனக்குச் சீக்கிரத்தில் கல்யாணம் நடக்கப்போகிறது. "உன் சேமிப்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே" என்கிறார் அம்மா. அவரோ, எல்லாப் பணத்தையும் ஒரே கூட்டுக் கணக்கில் போடலாம், சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விவாகரத்து ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி. அதை வைத்து உங்கள் கல்யாணத்துக்கு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. "பொண்ணு கையில் தனியாகக் காசு இருந்தால் குடும்பம் நிலைக்காது" என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் அலெக்ஸாண்ட்ரா கில்லிவால்ட் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மனைவியின் பொருளாதாரச் சுதந்திரம் விவாகரத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது வேறு. பாட்டிக்கும் சரி, அம்மாவுக்கும் சரி, பிரிவின் வலியோடு பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்காக ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அம்மா பட்ட அடி அப்படிப் பேச வைக்கிறது, புரிகிறது. ஆனால் மறைத்த பணம் என்றைக்காவது வெளியே வரும். அன்றைக்குப் பணத்தைவிட, மறைத்ததுதான் பெரிய சண்டையாகும். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும், அது அவருக்கும் தெரியட்டும்.

வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு போதும். அதில் ஆளுக்குப் பாதி என்று போடாதீர்கள், வருமான விகிதப்படி போடுங்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து 100, அதில் அவருடையது 60, உங்களுடையது 40, வீட்டுச் செலவு 50 என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதி என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 15, அவருக்கு 35. விகிதப்படி என்றால் அவர் 30, நீங்கள் 20 போடுவீர்கள். கையில் அவருக்கு 30, உங்களுக்கு 20 நிற்கும்.

அப்புறம் வீட்டுக் கடன். அம்மா மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கணவன் மனைவிக்குள் என்ன தீர்ப்பு வந்தாலும், வங்கியோடு போட்ட ஒப்பந்தம் தானாக மாறாது. சேர்ந்து வாங்கிய கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மொத்தத்தையும் மற்றவரிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. அதிலிருந்து விடுபட, வங்கி சம்மதித்துப் பெயரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் அடைய வேண்டும். அதனால் கடனில் உங்கள் பெயர் வருகிறதென்றால் வீட்டுப் பத்திரத்திலும் வர வேண்டும். பத்திரத்தில் இல்லாத வீட்டுக்குக் கடன்காரராக மட்டும் நிற்காதீர்கள். நீங்கள் கட்டும் தவணை உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும், ரசீதாக நிற்கும்.

குழந்தைக்காக வேலையை விட்டால், உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு நிற்கக் கூடாது. ஆண்டுக்கு 8% வளரும் பணம் சுமார் 9 வருடத்தில் இரட்டிப்பாகும். 30 வயதில் போட்டது 57-ல் கிட்டத்தட்ட 8 மடங்கு. 39-ல் போட்டால் 4 மடங்குதான். விடுபடும் ஆரம்ப வருடங்கள்தான் விலை அதிகமானவை. அந்தத் தொகையைக் குடும்ப வருமானத்திலிருந்து உங்கள் பெயரில் கட்டுவதென்று இப்போதே இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் அவரிடம் நேராகவே சொல்லுங்கள், பாட்டி கதையையும் அம்மா கதையையும் சேர்த்து. நல்ல மனிதருக்கு இது புரியும். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் கொடுங்கள். அதுவரை வீட்டுக் கடனில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.