கடையில் ஓயாத வாய் வகுப்பில் ஏன் திறப்பதில்லை?

வணக்கம் மேடம்,

எனக்கு 21 வயது. பினாங்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் நிபோங் திபால். இப்போது சுங்கை டுவாவில் தோழிகளோடு ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் நான்தான்.

என் பிரச்சினை குழு வேலை. எங்கள் கோர்ஸில் கிட்டத்தட்ட எல்லாப் பாடத்துக்கும் க்ரூப் அசைன்மென்ட் உண்டு. ஒரு கம்பெனியை எடுத்து அலசி, ரிப்போர்ட் எழுதி, கடைசியில் கோட் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் நின்று பிரசென்ட் பண்ண வேண்டும். இந்தப் பருவம் மார்க்கெட்டிங் பாடத்தில் எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருத்தி வாட்ஸ்அப்பில் 'நோட்டட்' என்று போடுவதோடு சரி. இன்னொருவன் ஒரு பக்கம் அனுப்பினான், அதுவும் ஏஐ எழுதிக் கொடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. நான்தான் ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து எல்லார் பகுதியையும் திருத்தி, ஸ்லைடு செய்து, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் ஏற்றினேன். மறுநாள் மேடையில் பேசியது அவர்கள். லெக்சரர் அவர்களைப் பார்த்து 'வெரி குட்' என்றார். நான் ஓரமாக நின்று லேப்டாப்பில் ஸ்லைடு தள்ளிக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்று பேச என்னால் முடியாது மேடம். முதல் ஆண்டில் ஒரு தடவை எழுந்து பேசினேன். தொண்டை அடைத்து, கை நடுங்கி, பாதியிலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் குழுவில் சேர்ந்தாலும் 'நான் ஸ்லைடு பார்த்துக்கிறேன், நீங்க பேசுங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவள், என் இங்கிலீஷ் மற்றவர்கள் மாதிரி வராது. குழுவில் மற்ற நால்வரும் அவர்களுக்குள் மாண்டரினில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றித்தானோ என்று தோன்றும்.

ஆனால் ஒன்று எனக்கே புரியவில்லை. சனி, ஞாயிறு லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அங்கே என் வாய் ஓயாது. மலாய் அக்காமார் வந்தால் மலாயில் பேசித் துணி வெட்டிக் கொடுப்பேன். சீன ஆன்ட்டி 'குய் லூய்?' என்று கேட்டால் ஹொக்கியனிலேயே விலை சொல்வேன். டூரிஸ்ட் வந்தால் இங்கிலீஷ். தீபாவளி நேரத்தில் முதலாளி என்னைத்தான் கடை வாசலில் நிறுத்துவார். அதே வாய் வகுப்பில் மட்டும் ஏன் இப்படி?

மதிப்பெண் எனக்கு முக்கியம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனில்தான் படிக்கிறேன். முதல் வகுப்பில் தேறினால் கடனிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதால், எதையும் அவர்கள் கையில் விடப் பயமாக இருக்கிறது. அடுத்த பருவம் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், தேர்ந்தெடுக்க வேண்டும். மார்க்கெட்டிங்தான் பிடிக்கும், ஆனாலும் அக்கவுண்டிங் எடுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். லெக்சரரிடம் புகார் செய்யலாமா? வளாகத்தில் கவுன்சலிங் யூனிட் இருக்கிறது. அங்கே போனால் லெக்சரர்களுக்குத் தெரிந்துவிடுமா?

பெயர் வேண்டாம், பினாங்கு


அன்புத் தங்கைக்கு,

குழுவில் மற்றவர்கள் வேலை செய்வதில்லை என்பது உங்கள் முதல் குறை. முன்னால் நின்று பேச முடியவில்லை என்பது இரண்டாவது. தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. 'நான் ஸ்லைடு பார்த்துக்கிறேன், நீங்க பேசுங்க' என்று நீங்களே எழுதியிருக்கும் வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அது ஒரு பேரம். கடையில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? பேசாமல் இருக்கும் சலுகையை வாங்கிக்கொண்டு, அதற்கு விலையாக ராத்திரி 2 மணி வரை உழைப்பைக் கொடுக்கிறீர்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லியும் விடுகிறீர்கள். மற்ற நால்வருக்கும் கொள்ளை லாபம், அவர்கள் ஏன் மறுக்கப்போகிறார்கள்?

அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. 'நோட்டட்' போட்டுவிட்டுத் தூங்கப் போன அந்தப் பெண்ணின் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் அவளைத் திருத்துவது என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை.

பயத்தின் கதையை முதலில் பார்ப்போம். பேச்சைத் தட்டிக்கழிக்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி வருகிறதல்லவா? வம்பே அந்த நிம்மதிதான். 'அப்பாடா, தப்பித்தேன்' என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. பேசியிருந்தாலும் தலை ஒன்றும் போயிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. முதல் ஆண்டில் பாதியில் நின்றது ஒரே ஒரு நாள். அதைப் பெரிதாக வளர்த்தது, அதற்குப் பிறகு பேசாமலே போன எல்லா நாட்களும்.

அடுத்து, கடை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரு ஆன்ட்டி உள்ளே வரும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது? அவர் கையில் எவ்வளவு இருக்கும், எந்த நிறம் அவருக்கு எடுக்கும், கல்யாணத்துக்கா கோயிலுக்கா என்று அவர் மேலேயே இருக்கிறது. ஹொக்கியனில் ஒரு சொல் தப்பினால் சிரித்துவிட்டு விரலைக் காட்டி விலை சொல்லிவிடுவீர்கள். வகுப்பில் முன்னால் போய் நின்றதும் கவனம் அப்படியே உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. கை நடுங்குகிறதா, குரல் உடைகிறதா, பின் வரிசையில் யார் சிரித்தது? இத்தனையையும் கவனித்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகப் பேச முடியாது.

அதனால் பழியை இங்கிலீஷ் மேலும் தமிழ்ப்பள்ளி மேலும் போடாதீர்கள். டூரிஸ்ட்டுக்குப் புடவை விற்கிற இங்கிலீஷ் ஐந்து நிமிடம் மார்க்கெட்டிங் பேசத் தாராளமாகப் போதும். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து, தமிழில் எழுத்துப் படித்து நாலு மொழியில் வியாபாரம் செய்த எத்தனையோ பேரை அந்தத் தீவு பார்த்திருக்கிறது. அந்த வரிசையில் நீங்களும் ஒருவர்.

கை நடுக்கம் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற கவலைக்கும் ஒரு பதில் இருக்கிறது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார்கள், ஆனால் கேட்பவர்களுக்கு அந்த அளவு தெரிவதில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிப் பேச விட்டபோது பலர் இன்னும் நன்றாகவே பேசினார்களாம். உங்களுக்கு இப்போது சொல்லியாயிற்று.

இனி என்ன செய்வது? அடுத்த அசைன்மென்டில் பேரத்தை மாற்றுங்கள். 'ஸ்லைடு நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்லாதீர்கள். 'என் பகுதியை நானே பேசறேன், ரெண்டு நிமிஷம்' என்று சொல்லுங்கள். முடிந்தால் முதல் ஆளாகப் பேசுங்கள், முறை வரும்வரை காத்திருக்கும் நேரம்தான் ஆளைத் தின்னும். முழுவதையும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் பின்னால் வருவதெல்லாம் போய்விடும். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் மனத்தில் இருக்கட்டும், மீதிக்குக் கையில் ஒரு சிறிய அட்டை போதும். மார்க்கெட்டிங் பாடம் என்பதால் இன்னொரு வசதியும் உண்டு, பொருளைக் கையிலேயே கொண்டு போகலாம். பிஸ்கட்டோ ஷாம்பூவோ, உங்கள் குழு எடுத்த கம்பெனியின் பொருளைத் தூக்கிக் காட்டி, கடையில் விரித்துக் காட்டுவது போலவே பேசுங்கள். பார்க்கிறவர்களின் கண் பொருளுக்குப் போய்விடும், உங்கள் கண்ணும்தான். காலை வகுப்புக்கு அரை மணி முன்னதாகப் போய், காலி அறையில் அதே இடத்தில் நின்று ஃப்ளாட் தோழிகளிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே டுட்டோரியலில் ஒரு கேள்வி கேளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் கேட்கவே மாட்டீர்கள். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சு படபடக்கும், படபடப்போடேயே கேட்கலாம்.

அப்புறம் அந்த நால்வர். உங்கள் நிறுவன நடத்தையியல் பாடத்தில் இது வந்திருக்கும், இல்லையென்றால் இனிமேல் வரும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டுப் பார்த்து 1913-இல் எழுதினார். ஆள் சேரச் சேர ஒவ்வொருவர் போடும் பலமும் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்கு, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. 1979-இல் அமெரிக்காவில் பிப் லட்டானேயும் அவர் சகாக்களும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதை. ஆனால் 1981-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், யார் சத்தம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கப்படுவதாகத் தெரிந்ததும் சோம்பல் போய்விட்டது. உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசிச் செய்தி.

முதல் சந்திப்பிலேயே யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்குச் சில நாள் முன்னதாக ஒரு கெடு இருக்கட்டும். எல்லாரும் ஒரே கூகுள் டாக்ஸில் எழுதட்டும், யார் எப்போது எதை எழுதினார் என்று அதன் பழைய பதிப்புகளில் தெரிந்துவிடும். ஒருவர் அனுப்பாவிட்டால் அந்த இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். அவர் பெயரைப் போட்டு வெறுமையாக விடுங்கள். இதைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வகுப்பு, கடன் விலக்கு எல்லாம் கண் முன்னால் வரும். நியாயமான பயம்தான். ஆகவே இதை அதிகப் புள்ளி உள்ள அசைன்மென்டில் தொடங்காதீர்கள், சின்ன அசைன்மென்டில் செய்து பாருங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, மதிப்பெண் வந்த பிறகு சொன்னால் எந்த லெக்சரருக்கும் அது பொறாமையாகத்தான் கேட்கும். ஒப்படைப்பதற்கு முன்னால், கெடு போட்ட அந்தச் செய்தியைக் காட்டி, 'இந்தப் பகுதி இன்னும் வரவில்லை, என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடும் படிவம் உண்டா என்று பருவம் தொடங்கும்போதே விசாரித்துவையுங்கள். ஏஐ எழுதிய பக்கத்தை மட்டும் லேசாக விடாதீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பெயரும் இருக்கிறது, மாட்டினால் ஐந்து பேரும் மாட்டலாம். நீங்கள் உட்கார்ந்து திருத்தாமல் அவனிடமே திருப்பி அனுப்புங்கள்.

மாண்டரின் விஷயம்: பெரும்பாலும் சாப்பிட எங்கே போகலாம் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். அசைன்மென்ட் பற்றிப் பேசும்போது மட்டும், 'எனக்கும் புரியற மாதிரி இங்கிலீஷ்ல பேசுங்க' என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். உங்களுக்கு ஹொக்கியன் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை காதில் விழட்டும், பினாங்கில் அதற்குத் தனி மவுசு.

மேஜர் விஷயத்தில் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அக்கவுண்டிங்கை ஒளிந்துகொள்ளும் இடமாக நினைத்து எடுத்தால் ஏமாந்து போவீர்கள். தணிக்கை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்கிற பிள்ளைகள் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கே போய், அப்பா வயதுள்ள கணக்காளரிடம் 'இந்த ரசீது எங்கே?' என்று கேட்க வேண்டி வரும். எண்கள் பிடித்தால் தாராளமாக எடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மனம் கடை வாசலில்தான் நிற்கிறது.

கவுன்சலிங் யூனிட்டுக்குப் போங்கள். மலேசியாவில் ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், ரகசியம் காப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதல் சந்திப்பிலேயே 'நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?' என்று நேரடியாகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிரசென்டேஷன் வருகிறது என்று பல நாள் தூக்கம் போனாலோ, வகுப்புக்கே போகாமல் இருக்கத் தொடங்கினாலோ, தள்ளிப்போட வேண்டாம். எதுவுமே வேண்டாம் என்று மனம் சோர்ந்துபோனால் அன்றைக்கே சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழையுங்கள். பருவ இறுதி நெருங்க நெருங்கக் கவுன்சலிங் யூனிட்டில் நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் இந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.