பாதி லென்ஸை மூடினால் பாதிப் படமா?

கேள்வி: குவிலென்ஸின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால், திரையில் விழும் பிம்பத்திலும் பாதி காணாமல் போகுமா?

போகாது. பிம்பம் முழுசாகவே இருக்கும், வெளிச்சம்தான் குறையும். பாடப் புத்தகத்தில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டே கதிர்களை வரைந்து காட்டுவார்கள். ஒளியே அந்த இரண்டு கோடுகளில்தான் போகிறது என்று மனதில் பதிந்துவிடுகிறது. மெழுகுவர்த்திச் சுடரின் நுனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் பரப்பு முழுவதிலும் விழுகிறது. எந்த இடத்தில் விழுந்தாலும், லென்ஸ் அதைத் திருப்பித் திரையின் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுடரின் அடிப்பகுதிக்கும் அப்படித்தான். ஆகவே லென்ஸில் எந்தத் துண்டு மிஞ்சினாலும் முழுச் சுடரையும் அதுவே வரைந்துவிடும். கேமரா லென்ஸில் ஒட்டிய தூசி படத்தில் தெரியாமல் போவதும் இதனால்தான்.

ஒரு பூதக்கண்ணாடியும் வெள்ளைச் சுவரும் இருந்தால் இன்று இரவே செய்து பாருங்கள், அவ்வளவு அழகான சோதனை இது. சுடர் மட்டும் குவியத் தொலைவைத் தாண்டி இருக்கட்டும்; வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் ஒரே புள்ளியில் குவிக்கும் தூரம்தான் அது. உள்ளே வந்துவிட்டால் சுவரில் பிம்பமே விழாது.

கேள்வி: லென்ஸ் நடுவில் தடித்திருப்பதால்தான் ஒளி வளைகிறதா?

தடிமனால் இல்லை. காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சமாக வேகம் குறைகிறது. சாய்வாக நுழையும்போது இந்த வேக மாற்றம் அதன் திசையைத் திருப்புகிறது. திரும்புவது பரப்பில் மட்டும்தான். கண்ணாடிக்கு உள்ளே நேர்கோடுதான். பரப்பின் வளைவு போதும், நடுவிலிருக்கும் கனமான கண்ணாடி வேண்டாம் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் படிப்படியாக வெட்டிய வளையங்களால் லென்ஸ் செய்தார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது.

கேள்வி: தண்ணீருக்குள் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது ஏன்?

கண்ணுக்குள் ஒளி திரும்புவதில், அதாவது ஒளிவிலகலில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முகப்பிலுள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவின் வேலை. ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதே ஒளிவிலகல் எண்; கார்னியாவுக்கு அது சுமார் 1.38, தண்ணீருக்கு 1.33. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருந்தால் ஒளி எப்படித் திரும்பும்? நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடி காற்று வந்துவிடுகிறது, பார்வையும் தெளிகிறது. பூதக்கண்ணாடியைத் தண்ணீரில் அமிழ்த்தினாலும் இதேதான்: குவியத் தொலைவு ஏறத்தாழ 4 மடங்காகிவிடும்.

கேள்வி: மூக்குக்கண்ணாடிச் சீட்டில் +2 என்றால்?

1 மீட்டரை 2-ஆல் வகுங்கள்: குவியத் தொலைவு 50 செ.மீ. கூட்டல் குறி குவிலென்ஸ், கழித்தல் குறி குழிலென்ஸ்.