ரிஷார் ஜூவ்: பிரெஞ்சு ஸ்பிரிண்ட் ஸ்கீ பற்றிய கேள்வி பதில்

பிரான்சின் கிராஸ்-கன்ட்ரி (பனியில் மேடு பள்ளமாக ஸ்கீ கட்டி ஓடும் போட்டி) ஸ்பிரிண்ட் வீரர் ரிஷார் ஜூவ் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஸ்பிரிண்ட் முடிவைப் பார்த்தாலும் அன்று நடந்தது கிளாசிக்கா (ஸ்கீயைப் பள்ளத் தடத்தில் நேராக வைத்துத் தள்ளும் பாணி) ஃப்ரீஸ்டைலா (பக்கவாட்டில் உந்திச் சறுக்கும் பாணி) என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கேள்வி: யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1994 அக்டோபர் 25 அன்று பிரியான்சோனில் பிறந்தவர். இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்ப்ஸ் மலை ஊர் அது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் டீம் ஸ்பிரிண்ட் வெண்கலம், 2019 சீஃபெல்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ரிலே வெண்கலம், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மறுபடியும் ரிலே வெண்கலம். இவற்றோடு 2021-22 உலகக் கோப்பையின் (சீசன் முழுக்க நடக்கும் போட்டித் தொடர்) ஸ்பிரிண்ட் பட்டம், அதாவது அதற்குத் தரும் கோப்பையான சின்ன கிரிஸ்டல் குளோப். இந்த மூன்று வெண்கலமும் கூட்டாளிகளோடு வாங்கியவை, குளோப் தனி ஆளாக வாங்கியது.

கேள்வி: ஸ்பிரிண்ட் என்றால் ஒரே ஓட்டம்தானே? இதில் என்ன கஷ்டம்?

பதில்: ஒரே ஓட்டம் இல்லை, அதுதான் விஷயம். காலையில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுவார்கள், அதில் முதல் 30 பேர் மட்டும் தேறுவார்கள். அப்புறம் ஆறு ஆறு பேராக ஐந்து கால் இறுதி. ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேராக அரையிறுதிக்குப் போவார்கள், மீதிப் பேரில் நேரம் நன்றாக இருக்கும் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். அப்படி 12 பேர், இரண்டு அரையிறுதி, பிறகு ஆறு பேர் இறுதி. தடம் ஒன்று முதல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வரை இருக்கும், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். மூன்று நிமிடம் உயிரைக் கொடுத்து ஏறி இறங்குவதை ஒரே நாளில் நான்கு தடவை செய்ய வேண்டும். காலையில் முதலிடம் பிடித்தவர் மதியம் கால் இறுதியிலேயே வெளியே போவது சாதாரணமாக நடக்கும். ஒருவர் முன்னால் சறுக்கி விழுந்தால் பின்னால் வருபவரின் நாளும் முடிந்தது. அதனால்தான் ஒரு நாள் முடிவை வைத்து ஸ்பிரிண்டரை எடை போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: க்ளேபோவை விட வேகமானவரா?

பதில்: இல்லை. நார்வேயின் க்ளேபோவை விட வேகமான ஸ்பிரிண்டர் இந்தத் தலைமுறையில் யாரும் இல்லை.

கேள்வி: மார்த்தான் ஃபூர்காட் பற்றியும் எழுதுங்களேன், அவரும் பிரெஞ்சுக்காரர்தானே?

பதில்: அவர் பயத்லான், துப்பாக்கியோடு ஓடும் போட்டி. அது என் பக்கம் இல்லை, தனியாக ஒரு கேள்வியாகப் போடுங்கள், அதைப் பின்தொடர்பவர்கள் பதில் சொல்வார்கள்.

கேள்வி: 2018 டீம் ஸ்பிரிண்டில் மோரிஸ் மனிஃபிகாவை ஏன் சேர்த்தார்கள்? அவர் நீண்ட தூர வீரர். லூக்கா ஷனவா மாதிரி சுத்தமான ஸ்பிரிண்டர் இருந்தாரே?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. ஷனவாவும் ஜூவும் ஒரே வயது, இவர் அக்டோபர், அவர் நவம்பர் 1994. ஷனவா நல்ல வேகக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டீம் ஸ்பிரிண்ட் வேறு விளையாட்டு. இரண்டு பேர், ஆளுக்கு மூன்று சுற்று, மாறி மாறி. கூட்டாளி ஓடும் அந்த மூன்று நிமிடம்தான் உங்களுக்கு ஓய்வு. தனிப் போட்டியில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கால் தளர்த்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், இங்கே மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி உங்கள் முறை வந்துவிடும். இதில் ஜெயிப்பது சீக்கிரம் மூச்சு மீளும் உடம்புதான், அது தூர வீரர்களிடம் இருக்கும். அதோடு அன்று ஃப்ரீஸ்டைல், மனிஃபிகாவின் பலமே அது. அவர் வேகத்தை ஏற்றிப் பலரைக் கழற்றிவிட வேண்டும், ஜூவ் கடைசிச் சுற்றில் முடித்து வைக்க வேண்டும். முதல் இரண்டு இடமும் நார்வேக்கும் ரஷ்ய வீரர்களுக்கும் போயின, மூன்றாவது பிரான்சுக்கு. அந்த வருடம் நார்வேயும் சுண்ட்பி என்ற தூர வீரரை க்ளேபோவோடு ஜோடி சேர்த்துத்தான் தங்கம் வாங்கியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேள்வி: 2022 குளோப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி (முழு வெற்றி இல்லை என்ற அடையாளம்) போட வேண்டாமா? ரஷ்யர்கள் இல்லாமல் வாங்கியதுதானே?

பதில்: வேண்டாம். 2022 மார்ச் 1 அன்றுதான் சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனம் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அந்த சீசனின் மீதிப் போட்டிகளிலிருந்து விலக்கியது. சீசன் நவம்பரிலேயே பின்லாந்தின் ரூகாவில் தொடங்கிவிட்டது. அதுவரை எல்லோரும் எல்லோரோடும் ஓடினார்கள்.

கேள்வி (அதே நபர்): ரூகாவில் ஸ்பிரிண்டில் ஜெயித்ததே ரஷ்யாவின் டெரென்டியேவ்தான். பெய்ஜிங்கில் தனி ஸ்பிரிண்ட் வெண்கலமும் அவருக்கே. மார்ச்சில் அவர் இருந்திருந்தால்?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. டெரென்டியேவ் அந்த வருடம் முதல் தர ஸ்பிரிண்டர், அவர் இல்லாதது கணக்கை மாற்றியிருக்கலாம். ஆனால் "இருந்திருந்தால்" என்று தொடங்கினால் எந்தக் குளோப்பும் மிஞ்சாது. ஒவ்வொரு சீசனிலும் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல், யாரோ ஒருவருக்கு முதுகுவலி, யாரோ ஒருவர் ஒலிம்பிக்குக்காகப் பாதிப் போட்டிகளை விடுவார். வெற்றிக்கு 100 புள்ளி, கீழே இறங்க இறங்கக் குறையும், சீசன் முழுக்கக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். நவம்பரில் வாங்கிய புள்ளியும் அதே தாளில்தான் இருக்கிறது. வாராவாரம் அரையிறுதி, இறுதி என்று வந்து நிற்பதுதான் இந்தப் பட்டம். ஜூவ் வந்து நின்றார்.

கேள்வி (வேறொருவர்): குறி போடத்தான் வேண்டும். கடைசிக் கட்டம் ரஷ்யாவின் தியுமெனில் நடக்க வேண்டியது, அதுவே ரத்தாகிவிட்டதே?

பதில்: ரத்தானது, உண்மை. அது எல்லோருக்கும்தான் ரத்தானது. ஜூவுக்கு மட்டும் அதில் என்ன லாபம்? விலக்கும் ரத்தும் சம்மேளனம் எடுத்த முடிவு. அதற்கு விலையை, தன் முறை வந்தபோதெல்லாம் தொடக்கக் கோட்டில் நின்ற ஒருவரிடம் வசூலிக்காதீர்கள். இந்த விவாதத்தை என் பக்கத்தில் இத்தோடு முடிக்கிறேன், இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள், பதில் இதுதான்.

கேள்வி: பெய்ஜிங் தகுதிச் சுற்று நேரத்தையும் பியோங்சாங் நேரத்தையும் வைத்து அவர் முன்னேறினாரா என்று பார்க்கலாமா?

பதில்: கூடாது. ஒன்று கிளாசிக், ஒன்று ஃப்ரீஸ்டைல். தடம் வேறு, பனி வேறு, அன்று ஸ்கீயின் அடியில் போட்ட மெழுகு வேறு. மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: பிரான்சில் இவருக்கு முன்னால் ஸ்பிரிண்டர்களே இல்லையா?

பதில்: ரோடி தரகோனை மறந்துவிடாதீர்கள். 2006 டுரின் ஒலிம்பிக், ஃப்ரீஸ்டைல் ஸ்பிரிண்ட், பிராஜெலாட்டோ தடம். இறுதியில் சுவீடனின் பியோர்ன் லிண்டுக்கு அடுத்ததாக வந்து வெள்ளி வாங்கினார், தோபியாஸ் ஃபிரெட்ரிக்சன் மூன்றாவது. கிராஸ்-கன்ட்ரியில் பிரான்சின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே ஒலிம்பிக்கில் ரிலே நான்காவது, 2010-இலும் நான்காவது, 2014 சோச்சியில்தான் ரிலேயில் வெண்கலம் கிடைத்தது. தரகோன் பெயரை இன்று பலர் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: க்ளேபோவும் ஜூவும் மோதினால் யார்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மூன்று நிமிட ஸ்பிரிண்டரைப் போய் ஆளுக்கு 10 கிலோமீட்டர் ரிலேயில் எப்படி ஓடவிட்டார்கள்?

பதில்: நல்ல வேளை, இதைக் கேட்டீர்கள். 2022 பெய்ஜிங்கில் பிரான்சின் முதல் ஆள் ஜூவ், பின்னால் லப்பலூ, பாரிஸ், மனிஃபிகா. ரிலேயின் முதல் இரண்டு கால்களும் (ஒருவர் ஓடும் பங்குக்குக் கால் என்று பெயர்) கிளாசிக். முதல் காலில் எல்லா அணிகளும் ஒன்றாகக் கிளம்பும், அங்கே வேண்டியது கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போய் அடுத்தவரிடம் பெரிய இடைவெளி இல்லாமல் ஒப்படைப்பது. கிளாசிக் நன்றாகத் தெரிந்த, நெரிசலில் இடம் பிடிக்கப் பழகிய ஸ்பிரிண்டர் அதற்குப் பொருத்தம். ஆனால் அன்றைய 10 கிலோமீட்டர் தாங்கினால்தான். இதற்குக் கோடை முழுக்க ரோலர் ஸ்கீயில் (சக்கரம் வைத்த ஸ்கீ) நீண்ட தூரம் உழைக்க வேண்டும், வெறும் வேகப் பயிற்சி போதாது. ரஷ்ய வீரர்களுக்கும் நார்வேக்கும் அடுத்து பிரான்ஸ் மூன்றாவது வந்தது. அந்த ரிலே முடிவுத்தாளில் ஜூவின் கால் நேரத்தை மற்ற அணிகளின் முதல் ஆட்களோடு வைத்துப் பாருங்கள். அது ஒரே தடம், ஒரே பனி, ஒரே பாணி, அங்கே தாராளமாக ஒப்பிடலாம்.