போலீஸ் ஊதச் சொன்னா மாட்டேன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்குதுங்களா?

ஊதுறதுன்னா மூச்சுல இருக்கிற ஆல்கஹாலை வெச்சு ரத்தத்துல எவ்வளவுன்னு மெஷின் கணக்குப் போடறது, அவ்வளவுதானுங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா மோட்டார் வாகனச் சட்டம் 185ல கேஸ், முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி 10,000 ரூபா ஃபைன், ரெண்டுமேகூட வரலாம். எதுக்கு மெஷின்னா, கண்ணு செவந்திருக்கு வாய் நாறுதுன்னு ஒருத்தர் சொல்றதை வெச்சு கேஸ் போட்டா நைட் ஷிப்ட் முடிச்சு திருப்பூர்ல இருந்து தூக்கக் கலக்கத்துல வர்றவனும் மாட்டுவான் பாருங்க. நம்மூரு பால் சொசைட்டில லாக்டோமீட்டர் விடறாப்பலதான், தண்ணி கலந்திருக்கான்னு ஆளு மூஞ்சியப் பாத்தா சொல்றாங்க? ஆனா மெஷினோட முடியலீங்க, கைது பண்ணுனா 2 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், காட்டலீன்னா வெளிய விட்றோணும்னு அதே சட்டம் 202ல இருக்கு, இது முக்காவாசிப் பேருக்குத் தெரியறதில்ல. ஃபைனும் கோர்ட்லதான், ரோட்டுல கையில குடுக்கறதில்ல.

அப்பறம், ஊதலீன்னா கேஸ் நிக்காதுன்னு பேக்கரி பெஞ்சுல உக்காந்து அடிச்சு விடுவாங்க, சரியான காரணம் இல்லாம மறுத்தா அதையே கோர்ட்ல உங்களுக்கு எதிரா சொல்லலாமுங்க.